எதிரணிக்கும் ஒரு பங்கு

போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். திண்டிவனம் மைதானத்தில் எங்கள் ஊர் கால்பந்து அணி, நீல ஜெர்சியில் வரிசையாக நிற்கிறது. நடுவர் தயார். கேமரா தயார். மைக் பிடித்த வர்ணனையாளரும் தயார். லோக்கல் கேபிள் சேனலில் நேரலை ஓடிக்கொண்டிருக்கிறது.

எதிரணியைத்தான் காணோம்!

வர்ணனையாளர் பாவம், என்ன செய்வார்? முதலில் வெயிலைப் பற்றிச் சொன்னார். அப்புறம் புல்லைப் பற்றி. கடைசியில், எங்கள் கோல்கீப்பருக்கு எப்போது கல்யாணம் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் எப்படி அங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு எனக்கும் விளையாட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று தெரியும். ஆஃப்சைடு என்றால் என்னவென்று பலர் விளக்கிவிட்டார்கள் – இன்னும் விளங்கவில்லை.

எல்லாம் ஸ்டெல்லாவால் வந்தது. என் தம்பி மனைவி. திண்டிவனத்தில் யூனிஃபார்ம் தைக்கும் சின்ன யூனிட் நடத்துகிறாள். எப்போதோ கிளப்பிலிருந்து ஜெர்சி தைக்கக் கொடுத்தார்கள். தைத்துக் கொடுத்தாள். அப்புறம் மீட்டிங்குக்கு வாங்க என்றார்கள். போனாள். இப்போது அவள்தான் கிளப் செயலாளர். ‘அண்ணி, வீட்ல சும்மாதானே இருக்கீங்க’ என்று அன்றைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். எழுதுகிறவர்கள் எப்போதும் சும்மாதான் இருக்கிறார்கள் என்பது எங்கள் குடும்பத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை.

இது மாவட்ட லீகின் இரண்டாவது டிவிஷன். விழுப்புரம், திண்டிவனம், திருவெண்ணெய்நல்லூர், திருவக்கரை, குயிலாப்பாளையம் என்று அக்கம்பக்கத்து ஊர்களின் அணிகள். ஆடுபவர்கள் பெயின்டர், மெக்கானிக், கல்லூரி மாணவர், கரும்பு வெட்டுகிறவர். இந்த வருடம் கேபிள் சேனல் நடத்தும் பாபு, ‘ஒரே கோயில் திருவிழாவை எத்தினி தபாதான் போடறது’ என்று அலுத்துப்போய் இந்த மேட்சுகளை நேரலையில் காட்ட ஆரம்பித்தார். யாருமே எதிர்பார்க்கவில்லை... ஜனங்கள் பார்த்தார்கள்! டீக்கடைகளில் சீரியலை மாற்றிவிட்டு மேட்ச் போட்டார்கள். நகைக்கடை, ஃபர்னிச்சர் கடை விளம்பரமெல்லாம் வந்தது. சீசன் முடிந்ததும் ஒரு தொகை தருவதாக பாபு லீகிடம் ஒப்புக்கொண்டார்.

அதை எப்படிப் பிரிப்பது? கேமரா எந்த ஊர் மைதானத்துக்குப் போகிறதோ, அந்த ஊர் கிளப்புக்கு. கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது?

கேமரா வேன் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் மட்டும்தான் போயிற்று. இங்கேதான் கேலரி உண்டு, கரன்ட் வசதி உண்டு. மற்ற ஊர் அணிகள் சொந்தச் செலவில் வேன் பிடித்து வரும், டி.வி.யில் ஆடும், தோற்றோ ஜெயித்தோ சொந்தச் செலவில் திரும்பும். கையில் ஒன்றும் வராது.

அன்றைக்கு வரவேண்டியது திருவெண்ணெய்நல்லூர் அணி. ஸ்டெல்லாவின் செல்போன் அடித்தது. அந்த அணியின் கேப்டன் ஏழுமலை. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, வேன்காரரு முன்பணம் இல்லாம எடுக்க மாட்டேன்ட்டாரு. சரின்னு பஸ் ஏறிட்டோம். இப்பத்தான் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கறோம். இனிமே வந்து சேர்றதுக்குள்ள இருட்டிடும்க்கா.”

“முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா ஏழுமலை?”

“எப்படிக்கா சொல்றது... பசங்க கூலி வேலைய வுட்டுட்டு, கைக்காசு போட்டுக்கினு எத்தினி நாளைக்கு வருவானுங்க? இத்தோட டீமைக் கலைச்சிடலாம்னு பேசிக்கினு இருக்கானுங்க.”

நடுவர் விசில் ஊதினார். எதிரணி வராததால் வாக்ஓவர். மூன்று புள்ளிகள் எங்களுக்கு. சீசனில் எங்கள் கடைசி ஆட்டம் அது. அந்தப் புள்ளிகளோடு விழுப்புரத்தைத் தாண்டி நாங்கள் முதலிடம். முதலிடம் என்றால் அடுத்த வருடம் முதல் டிவிஷன்! எத்தனையோ வருடக் கனவு. பந்தைத் தொடாமலேயே பலித்துவிட்டது.

கேலரியில் சிலர் கை தட்டினார்கள். மைதானத்தில் யாரும் குதிக்கவில்லை. பாபுதான் தலையில் கை வைத்தபடி ஓடிவந்தார்.

“ஒரே பேஜாருக்கா! விளம்பரக்காரங்க ஃபோன் மேல ஃபோன். ஒரு பக்கம் மட்டும் ஆளுங்க நிக்கறத எவன்க்கா பாப்பான்?”

ஸ்டெல்லா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

“அண்ணி, பாபு காசு குடுக்கறது திண்டிவனத்துக்கு இல்ல. மேட்சுக்கு. மேட்சுல பாதி எதிர்ல ஆடறவங்களுதுதானே?”

எனக்கு ஆஃப்சைடு புரியாமல் இருக்கலாம். இது புரிந்தது.

மறுநாள் அவள் யூனிட்டில், தையல் மெஷின்களுக்கு நடுவே வீரர்களைக் கூட்டினாள். இரண்டு விஷயங்கள் சொன்னாள். டி.வி. பணத்தை எல்லா கிளப்புக்கும் பிரிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். வாக்ஓவர் வேண்டாம், மேட்சை மறுபடி வையுங்கள் என்றும் கேட்கப் போகிறேன்.

பிரகாஷ் எழுந்துவிட்டான். எங்கள் அணியின் ஸ்ட்ரைக்கர். முதல் டிவிஷனில் ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு முயற்சி செய்யலாம் என்று நம்பிக்கொண்டிருந்தவன்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பணத்த இன்னா வேணா பண்ணுங்க. பாயின்ட்ட எதுக்குக்கா வுடணும்? நாங்க இன்னா தப்பு பண்ணோம்?”

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஸ்டெல்லா எங்கள் கேப்டன் சலீமைப் பார்த்தாள். சலீம் பைக் மெக்கானிக். அதிகம் பேசாதவர்.

“மேல போவணும்தான்,” என்றார். “ஆனா எப்படிப் போனீங்கன்னு யாராவது கேட்டா, எதிர்ல ஆளு வரலைன்னா சொல்றது? ஆடிட்டே போலாம் பிரகாஷு.”

பிரகாஷ் உட்கார்ந்தான். ‘சரி’ என்று சொல்லவில்லை. ஆனால் எழுந்து போய்விடவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை விழுப்புரத்தில் எல்லா கிளப்புகளின் கூட்டம். ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. பெஞ்சில் ஒடுங்கிக்கொண்டு பெரிய மனிதர்கள்! விழுப்புரம் கிளப் தலைவர் தனசேகரன் – ஹார்டுவேர் கடைக்காரர், நல்ல குரல் – மறு ஆட்டம் என்றதும் மலர்ந்துவிட்டார்.

“தாராளமா ஆடுங்கம்மா!”

மலராமல் என்ன செய்வார்? அதில் நாங்கள் ஜெயிக்காவிட்டால் மேலே போவது அவருடைய அணி. பணத்தைப் பிரிப்பது என்று ஸ்டெல்லா ஆரம்பித்ததும், அதே முகம் இறுகிப்போயிற்று.

“அது எப்படிம்மா? கூட்டம் எங்களுக்கு வருது. கேலரி நாங்க கட்டினது. நீங்க வேணா உங்க பங்க தானம் பண்ணிக்குங்க. எங்கள ஏன் இழுக்கறீங்க?”

நான் ஸ்டெல்லாவின் காதில் கிசுகிசுத்தேன் – “பங்குக்கு ஒத்துக்கிட்டாதான் மறு ஆட்டம்னு சொல்லேன். வழிக்கு வருவார்.”

“அது வேற, இது வேற அண்ணி,” என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

“சார், உங்க டீமு நல்ல டீமு, ஒத்துக்கறேன். எங்களுதும் சுமாரா ஆடும். மத்தவங்க ஒவ்வொருத்தரா வராம நின்னுட்டா, கடைசில நீங்களும் நாங்களும்தான் வாரா வாரம் ஆடிக்கினு இருக்கணும். மொத வாரம் பாப்பாங்க. ரெண்டாவது வாரமும் பாப்பாங்க. அப்புறம் சீரியலே தேவலன்னு போயிடுவாங்க சார்.”

வகுப்பறை சிரித்தது. பாபு பலமாகத் தலையாட்டினார். தனசேகரன் மட்டும் சிரிக்கவில்லை.

பின் பெஞ்சிலிருந்து ஏழுமலை எழுந்தார். கூச்சத்தோடு பேசினார்.

“எங்களுக்குப் பங்கெல்லாம் வாணாங்க. வேன் வாடகைக்கு மட்டும் ஏதாச்சும் உதவி பண்ணா போதும். வந்து ஆடிட்டுப் போறோம்.”

ஸ்டெல்லா சட்டென்று திரும்பினாள்.

“உதவின்னு சொல்லாத ஏழுமலை. நீ ஆடற. உன் ஆட்டத்த ஊரே பாக்குது. அதுக்குத்தான் காசு வருது. அது உன் பங்கு.”

ஏழுமலை அப்படியே நின்றுகொண்டிருந்தார். உட்காரவேண்டும் என்பதே அவருக்கு மறந்துவிட்டதுபோல.

தனசேகரன் தொண்டையைச் செருமினார். அவரும் நியாயம் தெரியாதவர் இல்லை. “சரி. ஆனா மைதானத்தப் பராமரிக்கறவனுக்குச் செலவு இருக்குதும்மா. அத மொதல்ல தனியா எடுத்து வெச்சிடணும்.” ஸ்டெல்லா உடனே ஒப்புக்கொண்டாள். அப்புறம் மளமளவென்று முடிந்தது. மைதானச் செலவு, வெளியூர் அணிகளின் வண்டிச் செலவு – இரண்டையும் கழித்துவிட்டு, மீதி எல்லா கிளப்புக்கும் சமமாக. இந்த சீசனிலிருந்தே!

குயிலாப்பாளையத்துக்காரர் கையைத் தூக்கினார். “எங்க கிரவுண்டையும் ஒரு தபா டி.வி.ல காட்டுங்க.”

“அங்க கேமராவ எங்க வெக்கறது?” என்றார் பாபு.

“முந்திரி மரம் இருக்குதில்ல? மேல ஏறிக்குங்க!”

போன ஞாயிற்றுக்கிழமை மறு ஆட்டம். மைதான வாசலில் வேன் வந்து நின்றது. திருவெண்ணெய்நல்லூர் அணி இறங்கியது. பின்னாலேயே இன்னொரு வண்டியில் அவர்கள் ஊர் ஜனம், மேளத்தோடு! எங்கள் கேலரியிலும் இடமில்லை. நேரலை. இந்தத் தடவை வர்ணனையாளருக்குக் கல்யாணம் விசாரிக்க நேரமே கிடைக்கவில்லை.

என்ன ஆட்டம் அது! பிரகாஷ் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நான் எழுந்து நின்று கத்தினேன் என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். இரண்டாவது பாதி முடியும் நேரம். கோலும் இல்லை, ஒன்றும் இல்லை. ஏழுமலை ஓரத்திலிருந்து ஒரு பந்தை உயர அனுப்பினார். அவர்கள் அணியில் கரும்பு வெட்டும் நெட்டையான ஆள் ஒருவர் எம்பித் தலையால் முட்டினார்...

கோல்.

எங்களுக்கு இல்லை. அவர்களுக்கு.

விசில் ஊதியதும் எங்கள் கேலரி மௌனமாக இருந்தது. முதல் டிவிஷன் போயிற்று. போன மாதம் கையில் இருந்தது, இன்று இல்லை. யார் மேலாவது கோபப்பட வேண்டுமென்றால் ஸ்டெல்லா பக்கத்திலேயே நிற்கிறாள். எனக்கு உள்ளுக்குள் பயம்தான்.

முதலில் யார் எழுந்தார்கள் என்று தெரியவில்லை. யாரோ கை தட்டினார்கள். அப்புறம் ஒரு வரிசை. அப்புறம் கேலரி மொத்தமும் எழுந்து நின்றது. வந்து, ஆடி, ஜெயித்தவர்களுக்காக! அந்த அணி ஓடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துத் தலைக்கு மேல் கை தட்டியது.

ஏழுமலை ஸ்டெல்லாவிடம் வந்தார். “மன்னிச்சிக்கங்கக்கா...”

“எதுக்கு? கோல் போட்டதுக்கா? போ ஏழுமலை, உங்க ஊர்க்காரங்க காத்துக்கினு இருக்காங்க.” குரல் தெளிவாகத்தான் இருந்தது. கண்தான் காட்டிக்கொடுத்தது.

பிரகாஷ் ஜெர்சியால் முகத்தை மூடிக்கொண்டு புல்லில் கிடந்தான். ஸ்டெல்லா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் கழித்து அவனாக எழுந்தான்.

“அடுத்த சீசனுக்கும் அவனுங்க வரணும்க்கா,” என்றான். “கடன் ஒண்ணு இருக்குது. கோல் கடன்.”

தோற்றது எங்கள் ஊர். அன்றைக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்ததும் எங்கள் ஊர்தான். முதலிடம் வந்திருந்தால்கூட இப்படி நடந்திருப்போமா? சந்தேகம்தான்.

நேற்று ஸ்டெல்லாவுக்கு ஒரு ஃபோன். தனசேகரன்! விழுப்புரம் இப்போது முதல் டிவிஷன் அல்லவா... வாழ்த்துச் சொல்ல இவள் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

“ம்மா, மேல இருக்கறதெல்லாம் பெரிய பெரிய டீமு. டி.வி. காசு பூரா அவங்களே எடுத்துக்கறாங்களாம். இன்னா அநியாயம் பாருங்க! அன்னிக்கி நீங்க மீட்டிங்ல பேசினீங்களே... அத இங்கயும் ஒரு தபா வந்து பேசணும்.”

ஸ்டெல்லா போகப் போகிறாள். நானும்தான்.

நாமே சின்ன டீமாக ஆகும்போது, சமபங்கு எவ்வளவு சுலபமாகப் புரிந்துவிடுகிறது!