மாஸ்டரின் நாயும் என் சந்தேகமும்

மாஸ்டரின் நாயைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாய் பாவம், அதன்மேல் ஒன்றுமில்லை. மாஸ்டர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒரு ஞாயிறுகூடப் பிசகாமல் அவர் நாய் எப்படித் தடத்தைப் பிடிக்கிறது? ஏதோ தில்லுமுல்லு நடக்கிறதென்றே நம்பினேன்.

பாலையூற்றுப் பக்கத்து வெறுங்காணியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மோப்பப் போட்டிக்கு நாய்களைப் பழக்குகிறோம். ஒருவர் பற்றைப் புதர்களுக்குள் வளைந்து வளைந்து நடந்து, கடைசியில் தன் கையுறையைப் போட்டுவிட்டு வருவார். கொஞ்ச நேரம் கழித்து நாய் அந்தக் காலடி மணத்தைப் பிடித்துப் போய், கையுறைக்கு முன்னால் படுக்க வேண்டும். நீளக் கயிற்றோடு பின்னால் போகிறவருக்குத் தடம் தெரியக்கூடாது. ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனித் தடம். தடம் வைப்பவருக்குத் துணையாக என் கணவர் போவார், மாடு நின்றால் துரத்துவதற்கு.

கொழும்புப் போட்டிக்கு எங்களிலிருந்து ஒரு நாய்தான் போகலாம். மாஸ்டருடையது விலை கொடுத்து வாங்கிய லாப்ரடோர். என்னுடையது மீன் சந்தை வாசலில் பொறுக்கிய பெட்டை. அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் முன்னால், தோல்வியோடு தொடங்கிய அது மாஸ்டரின் நாய்க்குச் சரிசமமாக வந்து நின்றது. அதைக் கொழும்புக்குக் கொண்டுபோயே தீருவதென்று வைராக்கியம் பிடித்திருந்தேன்.

அதனால் மாஸ்டர்மீதே கண்ணாக இருந்தேன். தொடங்குமுன் ஏன் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டுகிறார்? கறுப்புக் கண்ணாடி எதற்கு? கச்சான் காற்று மணத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போகிற நாளிலும் அந்த நாய் தடுமாறவில்லையே.

“மனிசன் தடத்தில கருவாட்டுத் தூள் தூவுறார் எண்டு நினைக்கிறன்,” என்றேன் கணவரிடம்.

“சும்மா இரும். அவர் அப்பிடியான ஆள் இல்லை,” என்றார் அவர், தேத்தண்ணீரை விட்டுத் தலை நிமிராமல். மாஸ்டருக்கு இவர் ஏன் வக்காலத்து வாங்குகிறார்? எனக்கு இன்னும் எரிச்சல் ஏறியது.

கொழும்புக்குப் போகும் நாயைத் தெரிவு செய்யும் நாளுக்கு முன் பிடிவாதமாக நின்றேன். “இஞ்ச வேண்டாம். கட்டைபறிச்சானில வைப்பம். அந்த ஊர் ஆக்கள் தடம் நடக்கட்டும். எங்கட ஆக்கள் ஒருத்தரும் கிட்டப் போகக்கூடாது.”

“ஓம் பிள்ளை, அதுதான் நியாயம்,” என்றார் மாஸ்டர். நல்ல நடிப்பு என்று நினைத்தேன். என் கணவர்தான் வான் வண்டியில் ஏறும்வரை, இந்த வீண் அலைச்சல் எதற்கென்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டரின் நாய் முதலில் இறங்கியது. வயல் வரம்பைத் தாண்டி, பனங்கூடலைச் சுற்றி, நேரே போய்க் கையுறைக்கு முன்னால் படுத்தது. கருவாடும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை.

அடுத்தது என் பெட்டை. தொடக்கக் கம்பத்தடியை மணந்தது. ஒரு வட்டம் சுற்றியது. என்னை அண்ணாந்து பார்த்தது. “தேடு,” என்றேன். வாலை ஆட்டியது. மறுபடியும் சொன்னேன். மூக்கை உயர்த்தி, கயிற்றை இழுத்துக்கொண்டு, வேடிக்கை பார்த்த கூட்டத்துக்குள் போனது. என் கணவரின் காற்சட்டைப் பையில் மூக்கை வைத்தது. பிறகு, பழக்கியபடியே அவர் காலடியில் படுத்தது.

பையைப் பிடித்து வெளியே இழுத்தேன். தையலோரமெல்லாம் நெத்தலிக் கருவாட்டுத் தூள்.

அப்படியென்றால் அத்தனை ஞாயிறும் பெட்டை மணந்து போனது, இவர் அதன் தடத்தில் தூவிய இதைத்தான். மாஸ்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. பெட்டையோ பாராட்டுக்காக என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

“ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?” என்று கேட்டேன்.

“முதல் தரம் தோத்த அண்டைக்கு நீர் அதுக்குச் சோறு வைக்கேல்லை,” என்றார் அவர், மெதுவாக. “என்னோடயும் கதைக்கேல்லை.”