தரையில் எறிந்த பாண்

பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பலில் ஒரே அறையில் படுத்து, ஒரே விருந்து மண்டபத்தில் கோப்பை கழுவிய இரண்டு பேர் நாங்கள். அவர் மன்னார்க்காரர், என்னைவிட மூத்தவர், நான் அண்ணை என்பேன். என்னிடம் வதிவிட அட்டை இருந்தது. அவரிடம் இல்லை. முதலாளி வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைத்தால்தான் அவர் அதற்கு விண்ணப்பிக்கலாம். அன்றைய மத்தியான விருந்து முடிந்ததும் வைக்கிறேன் என்றிருந்தான்.

பழைய ரோமர் முறையில் விருந்து. வந்தவர்கள் கட்டிலில் சாய்ந்துகொண்டு தின்றார்கள். தேனில் வாட்டிய பறவை, அத்திப்பழம் வைத்த பன்றி, மீனை உப்பில் ஊறவிட்டு வடித்த சாறு. பரிமாற ஆள் போதாமல் எங்களுக்கும் அடிமைச் சட்டை மாட்டிவிட்டார்கள். எங்கள் சாப்பாடும் அடிமைச் சாப்பாடு, வாற்கோதுமைக் கஞ்சி.

“கருவாட்டுத் தண்ணியை வெள்ளிக் கிண்ணத்திலை நக்கிறாங்களடா,” என்றார் அண்ணை.

ரோமப் பணக்காரர் எலும்பைத் தரையில்தான் போடுவார்களாம். அதையும் செய்தார்கள், அண்ணை கூட்டினார். ஒரு தடியன் ரொட்டிப் பாணைத் தரையில் எறிந்தான். கோயிலில் நற்கருணை அப்பத்தை நாக்கில் வாங்கிப் பழகியவர் அண்ணை. அதை எடுத்து, கண்ணில் ஒற்றி, அவன் தட்டிலேயே வைத்தார். அவனுக்கு அது விளையாட்டாகிவிட்டது. மறுபடி எறிந்தான். மறுபடி வைத்தார். மூன்றாம் தரம் பாணைச் சப்பாத்தால் மிதித்துவிட்டு, பன்றி எலும்பை அண்ணையின் நெஞ்சில் எறிந்தான்.

அண்ணை பித்தளைத் தட்டால் அவன் வாயில் அடித்தார். பல் உடைந்தது கேட்டது. விழுந்தவனின் கழுத்தில் முழங்காலை ஊன்றி இன்னும் இரண்டு போட்டார். நான்தான் இழுத்தெடுத்தேன். இரண்டு பேர் சட்டையிலும் இரத்தம்.

யார் அடித்தது என்று முதலாளி கத்தினான். ஒரே சட்டை, ஒரே கறுப்பு. குடிவெறியில் கிடந்தவர்கள் யாருக்கும் எங்களைப் பிரித்துத் தெரியவில்லை. நான் கையைத் தூக்கினேன். போலீசை அவன் கூப்பிடவில்லை. அட்டையில்லாமல் அங்கே வேலை செய்தவர்கள் நிறையப் பேர். வாசல் காவலர் இருவர் என்னைப் படியில் இழுத்துப்போய் விலாவில் உதைத்து வெளியே தள்ளினார்கள். வேலை போவது எனக்குப் புதிதல்ல.

ஐந்து மணிக்கு, ஃபொபூர் சேன்-தெனி தெருவில் நான் காத்து நின்ற இடத்துக்கு அண்ணை வந்தார்.

“கையெழுத்து வைச்சவனோ, அண்ணை?”

“ஓம்,” என்றவர் ஓங்கி அறைந்தார். என் உதடு கிழிந்தது. “உன்னை ஆரடா கை தூக்கச் சொன்னது? உன்ர ஆள் செய்ததுக்கு நீ மன்னிப்புக் கேள் எண்டு அந்தத் தடியன்ர காலடியிலை முழந்தாளிலை நிக்க வைச்சவங்கள். அந்தப் பாணையும் நான்தான் அள்ளிக் குப்பையிலை போட்டனான்.”

“கடிதம் கிடைச்சதுதானே?”

இன்னொன்று அறைந்தார். பிறகு கையிலிருந்த என் இரத்தத்தைக் காற்சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டு, சட்டைப்பைக்குள் கடிதம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்.