என் ஆசைக்கு எதிராக ஊதிய மூச்சு

முதலில் வந்தது இருமல் இல்லை. நெஞ்சில் ஒரு இறுக்கம். போட்டிருந்த சட்டை சின்னதாகிவிட்டது போல இருந்தது. பெரிய சட்டை போட்டுப் பார்த்தேன். போகவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் இருமல் வந்தது.

நான் மலேசியாவில் சுங்கை பட்டாணி பக்கம் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். பதினாறு வருடம். ரப்பர் மரத்தில் செய்த நாற்காலிக் கால்களை இயந்திரத்தில் கொடுத்து வழவழப்பாகத் தேய்க்கும் வேலை. தூள் பறக்கும். மாவு மாதிரி இருக்கும். முகமூடி தருவார்கள். மதியத்துக்குள் அது அடைத்துக்கொள்ளும். எல்லோரும் மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டுத்தான் வேலை செய்வோம்.

மூச்சிரைப்பு வந்து, அது வேலையால் வந்ததா வேறு எதனாலா என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்ததை நீங்கள் செய்ய வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்கு வேன் ஓட்ட ஆசை.

புக்கிட் செலம்பாவில் எங்கள் வீட்டு வரிசையில் குடியிருந்த சரசக்கா பள்ளி வேன் ஓட்டினார். அவருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. "வருசக் கடைசியோட நிறுத்தறேன் செல்வி. நீ லைசென்ஸ் எடுத்து வை. வேற யாருக்கும் குடுக்க மனசு வரல" என்றார். எடுத்து வைத்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தால் எனக்கு வேறு நினைப்பு வராது. ஏன் என்று தெரியாது. அந்த வேலைதான் எனக்கு என்று உள்ளே ஏதோ சொன்னது. நான் அதை நம்பவில்லை. ஆசைப்பட்டதை எல்லாம் உள்ளே இருந்து யாரோ சொன்னதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

சரசக்கா கேட்டது தைப்பூசத்துக்கு மறுவாரம். இருமல் வந்தது சித்திரையில். வேன் பேச்சு முன்னால், இருமல் பின்னால். இந்த வரிசைதான் என்னைக் கெடுத்தது.

என் வீட்டுக்காரர் செம்பனை (எண்ணெய்ப் பனை) லாரி ஓட்டுகிறார். "வேன் சாவி கைக்கு வந்தா இருமல் நின்னுரும் பாரு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

வேலை இடத்தில் சூப்பர்வைசர் முருகண்ணன். எங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. "லீவன்னைக்கு மட்டும் ஒனக்கு இருமல் வரமாட்டேங்குதாமே. நல்லாப் பழக்கி வச்சிருக்க லா" என்றார். பக்கத்து மேசைகள் சிரித்தன.

நாத்தனார் மட்டும் வேறு மாதிரி சொன்னாள். "அண்ணி, மனசு சொல்றத கேளுங்க. மனசு பொய் சொல்லாது." அவள் சத்து மாவு விற்கிறாள். அவள் வந்து போகும் வீடுகளில் மனசு எப்போதும் இரண்டு டின் வாங்கச் சொல்லும். அதனால் அந்தப் பேச்சையும் நான் நம்பவில்லை.

கிளினிக்கில் டாக்டர் மலாய்க்காரப் பெண். சின்ன வயது. மலாயில்தான் பேசினோம். ஆஸ்துமா (மூச்சுக் குழாய்கள் வீங்கிச் சுருங்கும் நோய்) என்றார். இந்த வயதில் புதிதாக வந்தால் வேலையைச் சந்தேகப்பட வேண்டும் என்றார்.

"லீவு நாள்ல எப்படி இருக்கு ஆன்ட்டி?"

"கொஞ்சம் நல்லா இருக்கு. நல்லா இருக்கற மாதிரி எனக்குத் தோணுதோ என்னவோ."

"தோணுதா, இருக்கா?"

"அதுதான் தெரியல."

அவர் ஒரு பிளாஸ்டிக் குழாய் கொடுத்தார். ஊதினால் முள் நகரும். மூச்சு எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று எண் காட்டும். ஒரு நாளைக்கு நான்கு வேளை. வேளைக்கு மூன்று முறை. எது பெரிய எண்ணோ அதைத் தாளில் எழுத வேண்டும். நான்கு வாரம். அதில் ஒரு வாரம் எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு), வீட்டில் இருந்து ஊத வேண்டும். வேலை நாளில் எண் இறங்கி, வீட்டில் ஏறினால் வேலைதான் காரணம். "முழு பலத்தோட ஊதணும். அது ரொம்ப முக்கியம்" என்றார்.

முதல் நாள் தொழிற்சாலைக் கழிவறையில் நின்று ஊதினேன். காலையில் 340 இருந்தது. மாலையில் 270. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வந்தது.

அந்தச் சந்தோஷம் வந்ததும் பயந்துவிட்டேன். நோய் இருக்கிறது என்று எவள் சந்தோஷப்படுவாள். வேன் வேண்டும் என்பதற்காக வயிற்றைத் தளர்த்தி ஊதினேனா? யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. ஊதியதும் நான்தான், சாட்சியும் நான்தான்.

மறுநாள் ஒரு முடிவு எடுத்தேன். வேலை நாளில் ஊதுவதற்கு முன்னால் டாக்டர் தந்திருந்த நீலப் பஃப் (சுருங்கிய மூச்சுக் குழாயைச் சட்டென்று விரிக்கும் மருந்து) இழுத்துக்கொண்டேன். கண்ணில் நீர் வரும்வரை ஊதினேன். எம்சி வாரத்தில், வீட்டில், மூச்சை முழுதாக இழுக்காமல் ஊதினேன். ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். அதுதான் நேர்மை என்று நினைத்தேன்.

நான்கு வாரம் கழித்து டாக்டர் தாளைப் பார்த்தார். வேலையிலும் 320, வீட்டிலும் 320. "வேலையால வந்த மாதிரி தெரியலயே" என்றார். அவர் முகத்தில் குழப்பம் இருந்தது. எனக்கு நிம்மதி. நான் சாக்குச் சொல்லும் ஆள் இல்லை என்று தாள் சொல்லிவிட்டது.

சரசக்காவிடம் போய் வேன் வேண்டாம் என்றேன்.

"ஏன்டி?"

"ஒடம்புக்கு ஒன்னும் இல்லயாம். அப்புறம் எதுக்கு பதினாறு வருச வேலய விடணும்?"

"வேலய விடறதுக்கு சீக்கு வேணுமா? ஓட்டணும்னு ஆசை இருந்தா பத்தாதா?"

எனக்குப் பத்தவில்லை. எங்கள் வீட்டில் ஆசைக்காக யாரும் வேலையை விட்டதில்லை. அவர் வேனைச் சுங்கை லாலாங்கில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்.

புரட்டாசியில் ஒரு மதியம், மேசையருகே மூச்சு நின்றுபோனது. உள்ளே போன காற்று வெளியே வரவில்லை. பஃப் ஆறு முறை இழுத்தும் பயனில்லை. உதடு நீலமாகிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் முருகண்ணன் தன் காடியில் (கார்) தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். வழியெல்லாம் ஒரே பேச்சு. "பேசாத. பேசாம வா. நான் சும்மா கிண்டலுக்குத்தான் சொன்னேன். பேசாத." நான் பேசவே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். மருந்தை ஆவியாக்கித் தரும் முகமூடியை மாட்டினார்கள். ஸ்டெராய்டு (வீக்கத்தை அடக்கும் மருந்து) ஊசி போட்டார்கள். அந்த ஐந்து நாளில் எனக்கு வேன் ஞாபகம் வரவில்லை. வேலை ஞாபகமும் வரவில்லை. காற்று வெளியே போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளினிக்குக்குத் திரும்பிப் போனபோது டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். வேன், பஃப், அரை மூச்சு, எல்லாம். என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தார். அவருக்கும் அப்போதுதான் தெரியும்.

டாக்டர் பழைய தாளை எடுத்து இன்னொரு முறை பார்த்தார். பிறகு சொன்னார். "வேலைக்குப் போகாம இருக்க கம்மியா ஊதறவங்களப் பாத்திருக்கேன் ஆன்ட்டி. வேலைக்குப் போறதுக்காகப் பொய் ஊதுன மொத ஆள் நீங்கதான்."

"ஆசை இருந்துச்சு டாக்டர். அதான் நம்பல."

"ஆசை இருக்கறவங்களுக்கும் சீக்கு வரும். எங்கிட்ட சொல்லியிருந்தா ரெண்டயும் நான் பிரிச்சுப் பாத்திருப்பேன்."

இதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். டாக்டரிடம் இருமலைச் சொல்லும்போது ஆசையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அதை மறைத்தால் அது எண்ணில் கை வைக்கும். நான் அடக்கிவிட்டேன் என்று நினைத்ததுதான் கை வைத்தது.

இரண்டாம் முறை சோதனை வேறு மாதிரி நடந்தது. மூன்று வாரம் வீட்டில். பிறகு டாக்டர் கடிதத்தோடு சில நாள் மட்டும் வேலை. ஊதுவதற்கு முன் நீலப் பஃப் கூடாது, தேவைப்பட்டால் மட்டும், நேரத்தை எழுதிவிட்டு. எண் 250-க்குக் கீழே போனால் உடனே நிறுத்த வேண்டும். ஊதும்போது வீட்டில் கணவர், வேலையில் முருகண்ணன் பக்கத்தில் நிற்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் தினமும் நின்றார். "ஊது, லாரி டயர் மாதிரி ஊது. இது சைக்கிள் டியூப்பு. இன்னொரு வாட்டி." எனக்குச் சிரிப்பு வந்து இரண்டு முறை கெட்டுப்போனது. வீட்டில் 370 வரை ஏறியது. வேலைக்குப் போன முதல் நாள் மாலை 290. இரண்டாம் நாள் 235. முருகண்ணன்தான் எண்ணைப் படித்தார். "போதும். வீட்டுக்குப் போ" என்றார்.

எழுத்தில் வந்துவிட்டது. மரத்தூளால் வந்த ஆஸ்துமா. அந்த வேலை இனி கூடாது.

வேன் போய்விட்டது. அதற்கு நான்தான் காரணம். சில மாதம் சும்மா இருந்தேன். பிறகு கிளினிக் நர்ஸ் ஒருவர் சொல்லி, ஒரு டயாலிசிஸ் மையத்தில் (சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்யும் இடம்) வேன் ஓட்டச் சேர்ந்தேன். ஏழு பேரை வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போய், நான்கு மணி நேரம் காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விடும் வேலை.

பிடித்திருக்கிறது. அதையும் சந்தேகத்தோடுதான் எழுதுகிறேன். ஆஸ்துமா போய்விடவில்லை. காலையும் மாலையும் இரண்டு முறை பஃப் இழுக்கிறேன். வழியில் யாராவது மரம் அறுத்தால் வேன் கண்ணாடியை ஏற்றிவிடுகிறேன். நாத்தனார், "பாத்தீங்களா அண்ணி, மனசு சொன்ன எடத்துக்கே வந்துட்டீங்க" என்கிறாள். இல்லை. மனசு சொன்னதற்கு எதிராகப் போய், ஆஸ்பத்திரியில் படுத்து, வேறு பக்கமாக வந்தேன். மனசு சொன்னது சரியா என்று இன்னும் தெரியாது. அது சொன்னதைப் பொய்யாக்கப் பார்த்தது தவறு என்று மட்டும் தெரியும்.

முன்சீட்டில் உட்காரும் ஐயா ஒருநாள் கேட்டார். "தங்கச்சி, இந்த வேலை ஒனக்குப் புடிச்சிருக்கா?"

"இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன் ஐயா."

"நல்லது. ரொம்பப் புடிச்சிருந்தா வேகமா ஓட்டுவ. நாங்க எல்லாம் ரத்தம் சுத்தம் பண்ணிட்டு வர்ற ஆளுங்க."

முன்பு தொழிற்சாலையில் நேரம் மணி அடித்துப் போகும். இப்போது ஏழு பேரின் இரத்தம் சுத்தமாகும் வரை அது நகராது. அவசரப்படுத்த யாராலும் முடியாது. வேனை நிழலில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சில நாள், மூச்சு விடுகிறேன் என்ற நினைப்பே இல்லாமல் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. ஞாபகம் வந்ததும் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறேன். ஏறி இறங்குகிறது. உடனே கையை எடுப்பதில்லை.