வாவியின் தரவு யாருக்கு? கலாநிதி றோசலின் மரியதாஸ் நினைவாக

நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு காணி வழக்கு அழைக்கப்படுவதற்காக நான் காத்திருந்தபோது நாகலிங்கம் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். ஆரையம்பதியில், எங்கள் கடலோர உப்புநீர் வாவியின் மீனவர் சங்கமொன்றின் தலைவர் அவர். "லோயர், மிஸ் மோசம் போயிட்டாவாம்" என்றார். மிஸ் என்று அவர் சொன்னது கலாநிதி றோசலினை; மோசம் போவதென்றால் எங்கள் பக்கத்தில் இறந்துபோவது. பிறகு அவரே கேட்டார்: "அப்ப மறுகா எங்கட தரவ ஆரிட்டப் போய்க் கேக்கிற?"

மரணச் செய்தியோடு சேர்த்துக் கேட்கக்கூடிய கேள்வியா இது என்று சிலர் நினைக்கலாம். கலாநிதி றோசலின் தமது கடைசி மாதங்களை இந்த ஒரு கேள்வியோடுதான் கழித்தார் என்பதை அறிந்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

அன்று மாலை அவர் பணியாற்றிய பல்கலைக்கழகத்தின் அனுதாபச் செய்தி வெளிவந்தது. "தமது ஆய்வுத் தரவுகளை உலகுக்குத் திறந்து வைத்த பெருந்தகை" என்று அதில் இருந்தது. கோபத்தில் எழுதுவதைத் தொழிலின் நிமித்தம் தவிர்ப்பவன் நான். ஆயினும் அந்த வாக்கியத்தை வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் இயலவில்லை. பல்கலைக்கழகத்தின் இணையத் தரவுக் களஞ்சியத்தில் அவருடைய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பெயர் இருந்தது. வாவியின் உவர்ப்பு, நீர்மட்டம், மீன்பாடு பற்றிய தரவுகள் என்ற தலைப்பும் இருந்தது. கோப்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பூட்டின் படமும், அதன் கீழே "அனுமதிக்கு விண்ணப்பிக்கவும்" என்ற வரியும் இருந்தன. அவர் உயிரோடிருந்தபோது, அவருடைய சம்மதத்துடன், மீனவர் சங்கத்தின் சார்பில் நான் அனுப்பிய விண்ணப்பங்களுக்கு இன்றுவரை பதில் இல்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கு நான் எழுதவில்லை. கோப்பைத் திறக்கக் கோரும் விடயம் இப்போது மேன்முறையீட்டில் இருக்கிறது. அது எமது மாவட்டத்தில் அமைந்த நிறுவனம் அல்ல என்பதை மட்டும், இங்குள்ளவர்கள்மீது வீண் பழி விழாதிருக்கும்பொருட்டுப் பதிவு செய்கிறேன். வாவிக்கரையில் அவர்களுக்கு ஒரு கள ஆய்வு நிலையம் இருந்தது. கலாநிதி றோசலின் அதன் பொறுப்பாளராக இருந்தார்.

அவர் முதன்முதலில் என் அலுவலகத்துக்கு வந்தது, மீனவக் குடும்பங்களிடமிருந்து தரவு பெறுவதற்கான ஒப்புதற் பத்திரமொன்றை வரைந்து கேட்டுத்தான். என்னால் இயன்ற அளவு கவனமாக வரைந்து கொடுத்தேன். அவர் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே வாசித்தார். "லோயர் தம்பி, நீங்க 'ஆயின்' எண்டு எழுதுற இடத்தில எல்லாம் ஒரு கதவு பூட்டுப்படுது. இத நான் புஷ்பத்துக்கு வாசிச்சுக் காட்டுவன். அவ கொட்டாவி விட்டா நீங்க திருப்பி எழுதணும்" என்றார். புஷ்பம் நாகலிங்கம் அண்ணனின் மனைவி. கணவர் பிடித்துவரும் மீனைப் பிரித்து விற்பவர். அவர் கொட்டாவி விட்டதாகச் செய்தி வந்தது. நான் திருப்பி எழுதினேன். இறுதியில் அந்தப் பத்திரம் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. என் தொழில் வாழ்க்கையில் நான் எழுதியவற்றுள் பிழை சொல்ல முடியாத ஆவணம் அதுவாகத்தான் இருக்கும். அதற்கான புகழில் பாதி அந்தக் கொட்டாவிக்குரியது.

பத்திரத்தைச் சங்க மண்டபத்தில் வாசித்துக் காட்டிய நாளில் நானும் போயிருந்தேன். பிடித்த மீனின் அளவைச் சொல்ல எவருக்கும் தயக்கமில்லை. எங்கே பிடித்தது என்று கேட்டபோதுதான் சிக்கல் வந்தது. வாவியில் வலை கட்டும் இடத்தை ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்குச் சொல்வதில்லை. இருட்டில் போய் இருட்டில் திரும்புவார்கள். எதிரே தோணி வந்தால் திசைமாறிப் போவதுபோலப் பாவனை செய்வார்கள். "மிஸ், அந்த இடத்த நாங்க பொண்டாட்டிக்கும் சொல்ற இல்ல" என்றார் நாகலிங்கம் அண்ணன். பின்வரிசையிலிருந்து புஷ்பம், "சொன்னா மட்டும் மீன் கூடவா வரப்போகுது" என்றார். சிரிப்பு அடங்கிய பிறகு கலாநிதி றோசலின் எழுந்து வாக்குக் கொடுத்தார். இடங்கள் எவருக்கும் காட்டப்படமாட்டா. அவை தனிக் கோப்பில் மூடப்பட்டிருக்கும். வெளியில் வரும் கோப்பில் வாவியின் வடக்கு, நடு, தெற்கு என்ற அளவுக்குத்தான் இருக்கும். மற்றவை யாவும் எல்லோருக்கும் திறந்திருக்கும், தமிழிலும் இருக்கும். அதோடு, களஞ்சியத்துக்குப் போவதற்கு முன்னர் ஒவ்வொரு குடும்பத்தின் தரவும் அச்சிடப்பட்டு அந்தக் குடும்பத்தின் கையில் கொடுக்கப்படும். "குடுத்த ஆளுக்குத்தான் முதல்ல திருப்பிக் குடுக்கிற" என்பது அவர் அடிக்கடி சொன்ன வார்த்தை. ஒவ்வொரு பருவ முடிவிலும் அவர் வீடு வீடாகப் போய் அதைச் செய்தார்.

மீனவர்கள் இதற்கு ஏன் உடன்பட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். மாரியில் வாவி நிறையும்போது, வயல் வட்டைகளை வெள்ளத்திலிருந்து காக்க, முகத்துவாரத்தின் மணல் திடலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். எப்போது வெட்டுவது என்பதைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் விவசாயிகளும் மீனவர்களும் எதிரெதிரே அமர்வார்கள். அவசரப்பட்டு வெட்டினால் இறால் குஞ்சு கடலோடு போய்விடும் என்று மீனவர்கள் சொல்வார்கள். "ஆதாரம் இருக்கா?" என்று கேட்கப்படும். அவர்களிடம் இருந்தது அனுபவம் மட்டும். அந்தக் கேள்விக்கான பதிலாகத்தான் அவர்கள் தரவு கொடுத்தார்கள்.

ஆனால் கலாநிதி றோசலின் அவர்களுக்கு இனிப்பாக எதையும் சொல்லவில்லை. "இந்தத் தரவு உங்களுக்கு எதிராயும் பேசும். நெல்லுக்காரர் சொல்றது சரி எண்டும் காட்டலாம். அப்பவும் இது திறந்துதான் இருக்கும்" என்று அன்றே சொல்லிவிட்டார். நாகலிங்கம் அண்ணன் யோசித்துவிட்டு, "அப்பிடி எண்டாத்தான் மிஸ் அவங்களும் நம்புவாங்க" என்றார். நான் இதுவரை கேட்ட எந்தச் சாட்சியத்திலும் இவ்வளவு நேர்மையான உரையாடல் இருந்ததில்லை.

இனி நடந்ததை, எனக்கு நேரடியாகத் தெரிந்த அளவில், வரிசையாகச் சொல்கிறேன். அவர் இரண்டு கோப்புகளைக் களஞ்சியத்திற்குச் சமர்ப்பித்தார்: ஒன்று திறப்பதற்கு, மற்றது மூடுவதற்கு. இடங்களை வெளியிடக்கூடாது என்ற நிபந்தனையைக் கண்ட ஓர் உட்குழு, முழுவதையுமே "உணர்திறன் மிக்கது" என்று தீர்மானித்து, திறந்திருக்கவேண்டிய கோப்பையும் பூட்டியது. சில மாதங்களின் பின்னர் வாவியில் ஓர் இயந்திரப் படகு வந்தது. வாவியோரம் வரவிருந்த ஒரு திட்டத்துக்கான ஆலோசகர்கள் அதில் இருந்தார்கள். அவர்களுடைய கைப்பேசித் திரையில் வாவியின் வரைபடம் இருந்தது. அதில் புள்ளிகள் இருந்தன. படகு ஒவ்வொரு புள்ளியிலும் நின்று நின்று போனது. ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் வலை கட்டும் இடம். மூடப்பட்ட கோப்பு, "கூட்டு ஆய்வு" என்ற பெயரில், அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. பல்கலைக்கழகம் இதைப் பின்னர் எழுத்தில் ஒப்புக்கொண்டது. அது தவறு என்று மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

மறைக்கவேண்டியதை விற்பனைப் பொருளாக்கி, திறக்கவேண்டியதைப் பூட்டிவைத்தார்கள். விற்பனை என்ற சொல்லை யோசித்தே பயன்படுத்துகிறேன். பணம் கைமாறியதா என்பது எனக்குத் தெரியாது. பிறருடைய நம்பிக்கை கைமாறியது.

செய்தி அறிந்த அன்றே கலாநிதி றோசலின் ஆரையம்பதிக்குப் போனார். தனியாகப் போகவேண்டாம் என்று சொல்லி நானும் உடன் சென்றேன். உட்குழு, பதிவாளர், நடைமுறை என்று விளக்கம் சொல்ல அவருக்கு எவ்வளவோ இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. "வாக்குத் தந்தது நான்" என்றார். புஷ்பம்தான் கதிரையை இழுத்துப் போட்டார். "இரிங்க மிஸ். நீங்க வித்தீங்க எண்டு இஞ்ச ஒருத்தரும் சொல்லல்ல. நீங்க பத்திரமா வைக்கக் குடுத்த வீட்டில களவு போயிருக்கு. அவங்களத்தான் பிடிக்கணும்." இதுபற்றி நாங்கள் பின்னர் அனுப்பிய முறைப்பாட்டுக்குப் பல்கலைக்கழகத்தின் சட்ட ஆலோசகர் பக்கம் பக்கமாக எழுதிய பதிலில் காணாத தெளிவு இந்த வார்த்தைகளில் இருந்தது.

அந்தப் பதிலின் சாரம், தரவு பல்கலைக்கழகத்தின் சொத்து என்பது. அதன்பின் ஒருமுறை நாங்கள் நேரில் போய்ச் சந்தித்தோம். தேநீர் வந்தது. உயர் அதிகாரி ஒருவர் மிகுந்த மரியாதையுடன், தரவைத் திறந்துவிட்டால் எவரும் அதைத் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்று விளக்கினார். அப்போதே நோயாளியாக இருந்த கலாநிதி றோசலின் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "பயன்படுத்தியாச்சே சேர். நீங்க பூட்டினதுக்குப் பிறகுதான்." அதிகாரி, களஞ்சியத்தை நிர்வகிக்கும் நூலகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை முன்வைப்பதாகச் சொன்னார். அந்தக் கூட்டம் கூடியதா என்று தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டிருக்கிறேன்.

இறுதித் திருப்பலி முடிந்ததும் தேவாலய வாசலில் இரங்கல் உரைகள் நடந்தன. மலர்வளையத்தோடு வந்திருந்த அதே அதிகாரி பேசினார். அறிவைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் எல்லோருக்கும் திறந்துவிட்டவர் என்று அம்மையாரைப் புகழ்ந்தார். பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து புஷ்பம், குரலை உயர்த்தாமல், "அப்ப திறந்துவிடுங்களன் சேர்" என்றார். "சும்மா இரிகா" என்று பக்கத்தில் நின்றவர் அவர் கையைப் பிடித்தார். அதிகாரி கேளாதவர்போல உரையை முடித்தார். அவர் கேட்டார் என்பதற்கு நான் சாட்சி. இரண்டடி தள்ளித்தான் நின்றேன்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது நாகலிங்கம் அண்ணன் வீட்டில் இறங்கினோம். அவர் உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையை எடுத்துவந்தார். எமது கரையோரத்தில் அந்தப் பை எல்லா வீட்டிலும் உண்டு. சுனாமிக்குப் பிறகு, அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புப் பதிவு எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, ஓடும்போது கையிலெடுக்கத் தோதாகக் கதவருகில் மாட்டிவைத்திருப்பார்கள். அவர் அதை அவிழ்த்துக் காட்டினார். காணி உறுதிக்கு அடியில், மிஸ் பருவந்தோறும் கொடுத்த அச்சுத்தாள்கள் மடியாமல் இருந்தன. "இது எங்கட மட்டும். மத்த ஆக்களும் வச்சிருப்பாங்க" என்றார்.

வைத்திருந்தார்கள். எல்லோரும் அல்லர். சிலவற்றைக் கறையான் அரித்துவிட்டது. ஒரு வீட்டில் அந்தத் தாளில் மீன் சுற்றிக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி வெட்கப்பட்டார்கள். ஆயினும் பெரும்பகுதி அந்தப் பைகளில் இருந்தது. ஒப்புதற் பத்திரத்தின்படி ஒவ்வொரு தாளும் அந்தக் குடும்பத்துக்கு உரியது. விரும்பியவருக்குக் காட்ட எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அந்த வரியை நான் எழுதியபோது அது மரியாதைக்கான வரி என்றே எண்ணியிருந்தேன். கலாநிதி றோசலின் எதை எண்ணி அந்த வரியைக் கேட்டார் என்று இப்போது விளங்குகிறது.

சங்க மண்டபத்தில் இப்போது அந்தத் தாள்களை வரிசைப்படுத்திக் கணினியில் ஏற்றுகிறார்கள். இடங்கள் இல்லை, வடக்கு, நடு, தெற்கு மட்டும். முடிந்ததும் எவரும் திறக்கக்கூடிய ஒரு பொதுக் களஞ்சியத்தில், கலாநிதி றோசலினின் பெயரிலும் அந்தக் குடும்பங்களின் சம்மதத்தோடும், அது வைக்கப்படும். அவர் தம் கையால் அளந்த உவர்ப்பும் நீர்மட்டமும் இன்னும் பூட்டுக்குள் இருக்கின்றன. அவை இல்லாமல் இந்தக் கோப்பு அரைகுறைதான். மாரிக் கூட்டத்துக்கு அரைகுறையோடுதான் போகப்போகிறோம். மேன்முறையீட்டை நான் கைவிடமாட்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு வழக்கம். எந்த ஆவணத்தை வரைந்தாலும், கையொப்பமிடுவதற்கு முன், அதனால் கட்டுப்படப்போகும் ஒருவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். கடந்த வாரம் புதிய கோப்புக்கான உரிமப் பத்திரத்தைப் புஷ்பத்துக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். கொட்டாவி விடவில்லை. "இதில பூட்டு எங்க இரிக்கு லோயர்?" என்று மட்டும் கேட்டார்.

இடங்களுக்கு மட்டும் என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லி, பத்திரத்தின் ஒரு பிரதியை வாங்கி அந்தப் பைக்குள் வைத்தார்.