யோகராணி அக்கா சந்தேகித்த தண்ணீர்

"தங்கச்சி, யோகராணி மிஸ் மௌத்தாம். உண்மையா?" என்று கொட்டாஞ்சேனையிலிருந்து பளீல் நானா தொலைபேசியில் கேட்டபோது, அக்கா இறந்துவிட்டார் என்பதை நான் நம்பவில்லை. யாரோ சொன்னதை யாரோ திரித்திருப்பார்கள் என்று எண்ணி, வெள்ளவத்தையில் அக்காவின் தம்பியை அழைத்தேன்.

"ஓம் பிள்ளை. நித்திரையிலேயே போயிட்டா."

கேட்டதை அப்படியே ஏற்காத பழக்கம் எங்கள் ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் அவரால் வந்தது.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு அந்தக் கறுப்புத் தூள் நினைவிருக்கும். கொய்யா இலைச் சாற்றைக் கொண்டு இரும்பைக் கண்ணுக்குத் தெரியாத நனோ துணிக்கைகளாக்கினோம். கழிவுநீரில் கலந்தால் பார உலோகங்கள் அந்தத் தூளில் ஒட்டிக்கொள்ளும். பளீல் நானாவின் முலாம் பூசும் பட்டறையிலிருந்து கேனில் வந்த தண்ணீரைத்தான் முதலில் சோதித்தோம். நிக்கலும் குரோமியமும் கிட்டத்தட்ட இல்லாமல் போயிருந்தன. நான் எல்லோருக்கும் பட்டிஸ் வாங்கி வந்தேன். அக்கா தொடவில்லை.

"இவ்வளவு நல்லா வந்தா எனக்குப் பயமாக் கிடக்கு. அந்த மனுசன் பைப் தண்ணி கலந்து தந்திருப்பார்."

சொல்லாமல் கொள்ளாமல் என்னையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். நானாவின் முகம் கறுத்துவிட்டது. "யாரு மிஸ் உங்கள அனுப்பின? பட்டறைய மூடப் பாக்கிறாங்களா?" அக்கா தொட்டியிலிருந்து தானே தண்ணீர் அள்ளினார். முடிவு மாறவில்லை. அடுத்த வாரமே திரும்பிப் போய், "நான் உங்களைச் சந்தேகப்பட்டனான் நானா. பிழை என்னில" என்றார். அதைக் கேட்டு நானாவுக்கு இன்னும் சந்தேகம் கூடியது.

பிறகு பட்டறையிலேயே தூளைப் பாவிக்கக் கொடுத்தோம். தண்ணீர் தொடர்ந்து சுத்தமாக வந்தது. எங்களுக்கு அது போதும். அக்காவுக்குப் போதவில்லை. "தண்ணியில இருந்த நஞ்சு காத்தில கரையேல்லயே. பாவிச்ச தூளை என்ன செய்யினம்?" என்று என்னையும் கூட்டிக்கொண்டு மறுபடியும் போனார். பட்டறைக்குப் பின்னால் நானாவின் வீடு. முற்றத்துச் சாடிகளில் பொன்னாங்காணி தளதளவென்று நின்றது. அடியில் கறுப்பு மண்.

நானாவின் மனைவியின் பெயர் சித்தி. அவர் பெருமையாகச் சொன்னார்: "நீங்க தந்த தூள்தான் மிஸ், பசளைக்கெண்டு மண்ணில கலந்தன். எல மருந்துதானே, கெடுதி ஒண்டும் வராதே."

அக்கா சாடியோரம் குந்தி, சித்தியோடு சேர்ந்து செடிகளைப் பிடுங்கினார். அந்தக் கீரையை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டிருந்தார்கள். அன்றே குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இரத்தச் சோதனை முடிவுகள் வரும்வரை அவர் ஒழுங்காகச் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. நல்ல காலம், யாருக்கும் பாதிப்பில்லை. ஆனால் கீரையில் நிக்கல் இருந்தது.

ஆய்வுகூடத்தில் தூளை அறிமுகப்படுத்தும் விழாவுக்கு எல்லாம் ஆயத்தமாகியிருந்தது. பாவித்த தூளைத் திருப்பி எடுக்க வழி செய்யும்வரை அறிக்கையில் தன் பெயர் வரக்கூடாது என்றார் அக்கா. ஆய்வுகூடத் தலைவர் கோபப்பட்டார். "நீங்கள் ஒருத்தரையும் நம்ப மாட்டீங்களா?"

"ஆக்களை நம்புவன் சேர். அவசரத்தைத்தான் நம்ப மாட்டன்."

அவரைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறொரு கம்பனிக்கு முறையை விற்கப் பார்க்கிறார் என்ற கதையும் கிளம்பியது. அவர் சாப்பாட்டு அறைக்குள் வந்தால் கதை நின்றுவிடும். அவருக்கு அது தெரியும். சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக்குப் போய், கறுப்பு மண்ணையும் பாவித்த தூளையும் மூடிபோட்ட பீப்பாய்களில் அடைத்து வந்தார். விழா தள்ளிப்போனது, கடைசியில் தூள் சேகரிக்க வாகனம் ஒழுங்கு செய்தபிறகுதான் நடந்தது. அவரை மேடைக்கு ஒருவரும் கூப்பிடவில்லை.

செத்த வீட்டுக்குச் சித்தியும் வந்திருந்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அண்டைக்கு மிஸ் ஏசுவாங்க எண்டு பயந்தன். ஏசல்ல. செடியப் புடுங்கி முடிச்சதும் என்ட ரெண்டு கையையும் புடிச்சு, நகத்துக்குள்ள எல்லாம் சவுக்காரம் போட்டுத் தேச்சாங்க. பொறகுதான் அவங்கட கையக் கழுவினாங்க."

அந்த இடத்தில் நானும் நின்றேன். சாடிகளையே பார்த்துக்கொண்டிருந்ததால் இதைக் காணவில்லை. யோகராணி அக்காவின் நினைவாக நான் வைத்துக்கொள்வது, தன்னுடையதற்கு முன்னால் சித்தியின் கைகளைக் கழுவிய அந்தக் கைகளைத்தான்.