பக்கத்து மாடி வரைக்கும்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு 'பதறாதீங்க' என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. பாதி வழியில் நின்ற லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டு கதவைத் தட்டினால், இவர் வெளியே நின்று, "பதறாதீங்க, உள்ள காத்து வரும்" என்பார். உள்ளே இருப்பவர் வக்கீலானாலும் வாட்ச்மேனானாலும் கேட்பது ஒன்றைத்தான்: "போயிடாதீங்க." "எங்கயும் போகல, இங்கயேதான் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி படியேறிவிடுவார். லிஃப்டைக் கையால் நகர்த்தும் சக்கரம் மொட்டைமாடி மெஷின் ரூமில் அல்லவா இருக்கிறது! கீழேயே நின்று கொஞ்சிக்கொண்டிருந்தால் அதை யார் சுற்றுவது? பொய்தான். ஆனால் நல்ல பொய் என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவரை மாட்டிவைக்கவும் ஒரு மெஷின் வந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்றார் டாக்டர். இனி மூக்கில் மாஸ்க் போட்டு, குழாய் வழியாக மெஷின் ஊதும் காற்றில்தான் தூங்கவேண்டும். கரண்ட் இல்லாத இடத்தில் கண்ணை மூடக்கூடாது. இது மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது, கட்டிக்கொடுத்த மகளுக்கும் தெரியாது. "மாப்பிள்ளை வீட்டுல சீக்காளின்னு நெனச்சிடுவாங்கடி" என்று மனைவியின் வாயையும் கட்டியிருந்தார். மகள் கூப்பிட்டபோதெல்லாம் வேலை, முதுகுவலி என்று சாக்குச் சொன்னார். அவள் வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. கடைசியில் அவள் போனில் வெடித்தாள்.

"ஏரிக்கரையில டென்ட் போட்டுத் தங்கப்போறோம்பா. இந்தத் தடவையும் வரலைன்னா இனிமே உங்களக் கூப்பிடவே மாட்டேன்."

ஊரில் இத்தனை இடம் இருக்க, கரண்ட் கம்பமே இல்லாத இடத்தைத் தேடிப் பிடித்திருந்தாள் மகராசி.

மறுத்தால் மகள் போய்விடுவாள். மெஷினைக் காட்டினால் மானம் போய்விடும். யோசித்து யோசித்து, ஒரு பேட்டரியைக் கொண்டுவந்தார். கரண்ட் போனால் லிஃப்டைக் கரைசேர்க்கும் பேட்டரி அது. அவ்வளவு பெரிய பெட்டியை நகர்த்துவது ஒரு மூக்குக்குக் காற்று ஊதாதா? தொழிலில் சோதிக்கிற மாதிரியே சோதித்தார்: மெஷினை மாட்டினார், அது ஜம்மென்று ஊதியது, கழற்றிவிட்டார்.

"ராத்திரி பூரா தாங்குமாங்க?" என்றாள் மனைவி.

"என்கிட்டயா பேட்டரியப் பத்திக் கேக்குற?"

ஏரிக்கரையில் மதியச் சாப்பாடு முடிந்ததும் அவருக்குக் கண் சொக்கியது. மனைவியும் மகளும் தண்ணீரில் கால் நனைக்கப் போனார்கள். மாப்பிள்ளை கொஞ்சம் தள்ளிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். இதுதான் சமயமென்று டென்ட்டுக்குள் புகுந்து, ஜிப்பை இழுத்து மூடி, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கோழித்தூக்கம் போட்டார்.

யாரோ முகத்தைப் பொத்துவதுபோல் இருந்தது. விழித்தார். மெஷின் ஊதவில்லை. லிஃப்டைப் பக்கத்து மாடி வரைக்கும் நகர்த்தி, கதவைத் திறந்துவிடுவதோடு அந்தப் பேட்டரியின் வேலை முடிந்தது. இது அவருக்குத் தெரியாததா? ஊருக்கெல்லாம் விளக்கிச் சொன்னவர் அவர்தான்.

மாஸ்க்கைப் பிய்த்தெறிந்து ஜிப்பை இழுத்தார். அது துணியைக் கவ்விக்கொண்டு அசைய மறுத்தது. வெயிலில் டென்ட் அடுப்பாகக் கொதித்தது. வலை ஜன்னல் இருக்கிறது, காற்று வருகிறது என்று புத்தி சொன்னது. நெஞ்சு கேட்கவில்லை. இரண்டு கையாலும் துணியை அடித்தார்.

"மாமா! என்னாச்சு?" மாப்பிள்ளை ஓடிவந்து வலை வழியாகக் குனிந்தார். மெஷின், குழாய், பேட்டரி எல்லாவற்றையும் பார்த்தார். மாமாவுக்கு அப்போது வெட்கம்கூட வரவில்லை.

"ஜிப்பு... மூச்சு முட்டுது..."

"பதறாதீங்க மாமா. உள்ள காத்து வருது. மெதுவா மூச்ச விடுங்க."

இத்தனை வருஷம் கதவுக்கு வெளியே நின்று கேட்ட வார்த்தை, இப்போது அவர் வாயிலிருந்து வந்தது.

"போயிடாதீங்க மாப்பிள்ளை."

"எங்கயும் போகல மாமா. இங்கயேதான் இருக்கேன்."

வலையில் தெரிந்த முகம் விலகியது. சருகில் காலடிச் சத்தம், மெதுவாக, காரை நோக்கிப் போயிற்று. டென்ட்டைக் கிழிக்கக் கத்தி எடுக்கத்தான் போகிறார். உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் மாமாவுக்குத் தெரியும்.

தெரிந்து என்ன செய்ய? வலையில் முகத்தை அழுத்திக்கொண்டு, "மாப்பிள்ளை! மாப்பிள்ளை!" என்று கதறினார்.