அப்பாவின் காட்டுப் பெயர்

அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்ததும் முகத்தில் அடிப்பது ரப்பர் நெடிதான். மலேயாக் காட்டில் மழைக்கு அவர் போர்த்திக்கொண்ட ரப்பர் துணி அது. சண்டை முடிந்து, திருமயத்துப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு அவர் கொண்டுவந்த ஒரே சொத்து.

ஜப்பான்காரன் வந்ததும் துரைமார் தோட்டத்தைப் போட்டுவிட்டு ஓட, அங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த அப்பா சீனத் தோழர்களோடு காட்டுக்குள் போய்க் கம்யூனிஸ்டுப் படையில் சேர்ந்துவிட்டார். வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன துப்பாக்கிகளும், காட்டோரக் குடிசைக்காரர்கள் ஒளித்துக் கொடுத்த மரவள்ளியும்தான் அந்தப் படைக்கு முதல். "நேருக்கு நேர் நின்னா நாங்க காலி. அடிச்சுட்டு அங்கிட்டு ஓடிருவோம், தேடி வந்தா இங்கிட்டு வந்து அடிப்போம்" என்று சிரிப்பார். பிடிபட்டவன் எவ்வளவு உதைபட்டாலும் மற்றவர்களைக் காட்டிக்கொடுக்க முடியாதபடி, காட்டில் யாரும் சொந்தப் பெயரைச் சொல்வதில்லை. அப்பாவுக்கு அங்கே வைத்த பெயர் "ஆசெங்".

ஆத்தாவுக்கு, அதாவது என்னைப் பெற்றவளுக்கு, அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துப்போயிற்று. எங்கள் ஊரில் புருஷன் பெயரை எந்தப் பெண்ணும் வாயால் சொல்ல மாட்டாள்; "ஏங்க", "இந்தாங்க"தான். ஆத்தா மட்டும் வீட்டுக்குள், "ஏ ஆசெங்கு, சோறு ஆறுது!" என்பாள். "இது என்ன, தாலி கட்டுன பேரா? சொன்னா ஒண்ணும் குத்தமில்லை" என்று ஒரு நியாயமும் வைத்திருந்தாள்.

எங்கள் ராஜாவின் சமஸ்தானம் போய்ச் சென்னை மாகாணத்தோடு சேர்ந்த மறுவருஷம், கம்யூனிஸ்டுகளைப் போலீஸ் வீடு வீடாகத் தேடியது. ஒரு காலையில் எங்கள் வாசலிலும் ஏட்டு ஒருவர் வந்து நின்றார்.

"மலேயாக் காட்டுல இருந்த ஆசெங்குங்கிறவன் இந்த ஊர்லதான் இருக்கானாம். ஒம் புருஷன் பேரு என்னம்மா?"

அப்பா கொல்லையில் கடலை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் ஆத்தாவை ஒட்டி நின்றேன். ஆத்தாவின் வாய்க்குப் பழகிய பெயர் அது ஒன்றுதான்; அது வந்துவிட்டால் அப்பா ஜெயிலுக்குத்தான்.

ஆத்தா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்தாள். "கருப்பையாங்க!" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. எதிர்வீட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏட்டுக்கே கூச்சமாகிவிட்டது. "புள்ளைய விட்டுச் சொல்லச் சொல்லக் கூடாதாம்மா" என்று முனகியபடி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று முழுக்க அப்பா புது மாப்பிள்ளையாட்டம் ஆத்தாவையே சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னொரு தரம் சொல்லு புள்ள."

"போங்க அங்கிட்டு!"

சாகும்வரை அவருடைய சொந்தப் பெயரை அவள் மறுபடி சொல்லவே இல்லை.

இன்று என் பேத்தி புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், கோபம் வந்தால் "டா"வும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெட்டியில் ரப்பர் துணி பொடிப்பொடியாக உதிர்கிறது. அந்தப் படையும் இல்லை, அப்பாவும் ஆத்தாவும் இல்லை. அப்பா போன அன்று, "என் ராசா ஆசெங்கு" என்றுதான் ஆத்தா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். யாரது என்று உறவுக்காரர்கள் என்னைத் துளைத்தெடுத்தார்கள். காட்டு வழக்கப்படி நான் வாயே திறக்கவில்லை.